நடுவில் வரைந்த கோடு யாருடையது?

உங்க மினி ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை ஒரு நிமிஷம் திறங்க. அதில் கண்டிப்பாக ஒரு கிராஃப் இருக்கும். கீழே நேரம், பக்கத்தில் வோல்டேஜோ வெப்பநிலையோ, நடுவில் வழவழன்னு ஒரு நீலக் கோடு. இப்போ ஒரு கேள்வி. அந்தக் கோட்டில் எத்தனை இடம் நீங்க அளந்தது? எத்தனை இடம் சாஃப்ட்வேர் வரைந்தது?

பதில் தெரியலைன்னா வெட்கப்பட வேண்டாம். மூன்று மாதத்துக்கு முன்னால் எனக்கும் தெரியாது.

ஏடிசி எந்த சிக்னலையும் முழுசாகப் பார்ப்பதில்லை. குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு தடவை பார்த்து, ஒரு எண்ணை எழுதிவிட்டுப் போய்விடும். அடுத்த தடவை வரும் வரைக்கும் நடுவில் என்ன நடந்தது என்று அதுக்குத் தெரியாது. அந்த நடுப்பகுதியை நிரப்புவதைத்தான் இன்டர்பொலேஷன் என்கிறோம். நான்காவது செமஸ்டரில் ஃபார்முலாவோடு படித்தோம், பதினாறு மார்க்குக்கு எழுதினோம், மறந்துவிட்டோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். இன்டர்பொலேஷன் தப்பான விஷயம் இல்லை. ஆனால் அது டேட்டா இல்லை, ஒரு நம்பிக்கை. எந்த நம்பிக்கையில் அந்தக் கோட்டை வரைந்தோம் என்று சொல்லாமல், அளந்ததையும் வரைந்ததையும் ஒரே நீல நிறத்தில் கலந்து காட்டுவதுதான் தப்பு. நம்மில் பெரும்பாலானவர்கள் அதைத்தான் செய்கிறோம்.

எங்க மோட்டார் கதை

எங்க டீமில் மூன்று பேர். ப்ராஜெக்ட், ஒரு இண்டக்‌ஷன் மோட்டாரின் அதிர்வை அளந்து பழுதை முன்கூட்டியே கண்டுபிடிப்பது. மோட்டார் மேல் ஒரு ஆக்ஸிலரோமீட்டர், அதிலிருந்து ஆர்டுயினோ, அங்கிருந்து லேப்டாப். கோடில் டிலே 10 என்று போட்டோம். 10 மில்லிசெகண்டுக்கு ஒரு சாம்பிள், அதாவது நொடிக்கு 100. மோட்டாரின் வேகம் 1440 ஆர்பிஎம், அதாவது நொடிக்கு 24 சுற்று. 24 ஹெர்ட்ஸைப் பிடிக்க 100 சாம்பிள் தாராளம் என்று கணக்குப் போட்டோம்.

24 ஹெர்ட்ஸ் சரியாக வந்தது. அதோடு எதிர்பார்க்காத இன்னொன்றும் வந்தது. 2 ஹெர்ட்ஸில் மெதுவான, தெளிவான ஒரு அலை. க்யூபிக் ஸ்ப்லைன் போட்டு வரைந்ததும் பாடப்புத்தகப் படம் மாதிரி இருந்தது.

அடுத்து நடந்ததுதான் ஆபத்து. எங்களுக்கு ஒரு விளக்கமும் கிடைத்துவிட்டது. நான்கு போல் மோட்டாருக்கு சிங்க்ரனஸ் வேகம் 1500. ஓடுவது 1440. ஸ்லிப் 4 சதவீதம். 50 ஹெர்ட்ஸில் 4 சதவீதம் எவ்வளவு? சரியா 2 ஹெர்ட்ஸ்! தியரியும் ரீடிங்கும் கைகுலுக்கிக்கொண்டன. "ரோட்டாரில் பழுது தொடங்குவதற்கான அறிகுறி" என்று முடிவுரையில் எழுதினோம். இரண்டாவது ரிவ்யூவில் பாராட்டும் வாங்கினோம்.

அதை உடைத்தது லேப்ல இருக்கிற அண்ணா. கிராஃபைப் பார்த்தார், மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்தார். "தம்பி, 2 ஹெர்ட்ஸ்னா நொடிக்கு ரெண்டு தடவை ஆடணும். கைக்குத் தெரியணும்ல? இது உர்ருனுதானே இருக்கு?"

நாங்களும் கையை வைத்துப் பார்த்தோம். உர்ருனுதான் இருந்தது.

புள்ளிகளுக்கு நடுவில் நடந்தது

50 ஹெர்ட்ஸ் சப்ளையில் ஓடும் மோட்டாரின் இரும்பு, அதற்கு இரண்டு மடங்கில், 100 ஹெர்ட்ஸில் அதிரும். காந்த விசை ஒவ்வொரு சைக்கிளிலும் இரண்டு தடவை உச்சத்துக்குப் போவதுதான் காரணம். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நின்றால் கேட்கும் அதே ரீங்காரம்.

டிலே 10 என்று போட்டாலும் நிஜ இடைவெளி 10 மில்லிசெகண்ட் இல்லை. சென்சாரைப் படிக்க, எண்ணை அனுப்ப என்று கொஞ்சம் நேரம் போகும். எங்களுக்கு அது சுமார் 10.2 ஆக இருந்தது. அதாவது நொடிக்கு ஏறத்தாழ 98 சாம்பிள். இரண்டு சாம்பிளுக்கு நடுவில் 100 ஹெர்ட்ஸ் அலை ஒரு முழு சைக்கிள் முடித்து, அதுக்கு மேலே 0.02 சைக்கிள் நகர்ந்திருக்கும். அந்த முழு சைக்கிள் எங்களுக்குத் தெரியாது. அந்த 0.02 மட்டும்தான் தெரியும். 50 சாம்பிள் சேர்ந்தால் அது ஒரு முழு சைக்கிள் மாதிரி தெரியும். 50 சாம்பிளுக்கு ஆகும் நேரம் 510 மில்லிசெகண்ட். அரை நொடிக்கு ஒரு சைக்கிள் என்றால் 2 ஹெர்ட்ஸ்!

படங்களில் கார் முன்னால் போகும்போது சக்கரம் பின்னால் சுற்றுவதைப் பார்த்திருப்பீங்க. அதே விஷயம்தான். இதற்குப் பெயர் ஏலியாஸிங். பரீட்சையில் நான் படம் போட்டு விளக்கியது. என் முன்னாலேயே நடந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரே ஒரு மாற்றம் செய்தோம். டிலே 10-ஐ 9 ஆக்கினோம். மோட்டாரைத் தொடவே இல்லை. 24 ஹெர்ட்ஸ் இருந்த இடத்திலேயே இருந்தது. 2 ஹெர்ட்ஸ் மட்டும் 8.7-க்கு ஓடிப்போச்சு. நாம் கடிகாரத்தை மாற்றினால் மோட்டாரின் ஸ்லிப் மாறுமா? மாறாது. அப்போ அது மோட்டாரில் இல்லை, எங்க அளவீட்டில் இருந்தது. பிறகு நொடிக்கு 1000 சாம்பிள் எடுத்துப் பார்த்தபோது 2 ஹெர்ட்ஸில் எதுவுமே இல்லை. 100-ல் நெட்டுக்குத்தாக ஒரு கோடு.

ஸ்ப்லைன் மேல் முழுப் பழியையும் போட முடியாது. தவறு சாம்பிள் எடுக்கும்போதே நடந்துவிட்டது. ஆனால் வெறும் புள்ளிகளாக வைத்திருந்தால் "நடுவில் என்ன நடந்திருக்கும்?" என்ற கேள்விக்காவது இடம் இருந்திருக்கும். வழவழப்பான கோடு அந்தக் கேள்வியையே எழவிடவில்லை.

அப்போ இது ஏமாத்து வேலையா?

இந்தக் கதையைச் சொன்னதும் ஒரு நண்பன், "அப்போ நடுவில் நிரப்புறது எல்லாமே டுபாக்கூர்தானே?" என்றான். அது அடுத்த தவறு.

நடுப்பகுதியைத் துளியும் பிசகாமல் மீட்க முடியும். ஒரு நிபந்தனை உண்டு. சிக்னலில் உள்ள மிக அதிகமான ஃப்ரீக்வென்சி, சாம்ப்ளிங் வேகத்தில் பாதிக்கும் கீழே இருக்க வேண்டும். 1915-ல் கணிதத்தில் விட்டேக்கர், 1928-ல் தந்தித் தொடர்பில் நைக்விஸ்ட், 1933-ல் சோவியத் யூனியனில் கொடெல்னிகோவ் என்று பலர் இந்தக் கருத்தைத் தொட்டிருக்கிறார்கள். 1949-ல் வெளியான ஷானனின் கட்டுரைதான் நம் எல்லாருக்கும் பாடமாக வந்து சேர்ந்தது.

செய்முறை எளிது. ஒவ்வொரு சாம்பிள் மேலும் ஒரு சிங்க் அலையை நிறுத்துங்க. அது தன் இடத்தில் முழு உயரமாகவும், மற்ற எல்லா சாம்பிள் இடங்களிலும் சரியாகப் பூஜ்யமாகவும் இருக்கும். எல்லாவற்றையும் கூட்டினால் பழைய சிக்னல் திரும்ப வந்துவிடும். "கிட்டத்தட்ட" என்ற சொல்லுக்கே அங்கே வேலை இல்லை. நடைமுறையில் சிங்க் அலை முடிவில்லாமல் நீள்வதால் எங்காவது வெட்ட வேண்டியிருக்கும். அந்த அளவுக்குத்தான் பிழை.

ஆடியோ சிடி இந்த நம்பிக்கையில்தான் ஓடுகிறது. நம் காதுக்கு எட்டுவது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை. சிடியில் நொடிக்கு 44,100 சாம்பிள். பாதி 22,050. சாம்பிளுக்கு நடுவில் இசை தொலைந்துவிடுகிறது என்று யாராவது சொன்னால், அந்த எல்லைக்குக் கீழே எதுவும் தொலையவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

பழைய டெலிஃபோன் இன்னும் நேர்மையானது. நொடிக்கு 8000 சாம்பிள்தான். அதனால் சாம்பிள் எடுப்பதற்கு முன்பே சுமார் 3400 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதை ஃபில்டர் வைத்து வெட்டிவிடுவார்கள். அதற்கு நாம் கொடுக்கும் விலையும் தெரிந்ததுதான். ஃபோனில் மெயில் ஐடி சொல்லும்போது "எஸ்ஸா எஃப்பா?" என்று எத்தனை தடவை கேட்டிருப்பீங்க! அந்த இரண்டு ஒலிகளையும் பிரித்துக் காட்டும் ஓசையில் பெரும்பகுதி வெட்டிய இடத்துக்கு மேலே இருக்கிறது. போனது போனதுதான். எந்த இன்டர்பொலேஷனும் அதைத் திருப்பித் தராது. ஆனால் பொய்யான ஒலி எதுவும் உள்ளே வராது. எங்க மோட்டாரில் நாங்கள் போடாமல் விட்டது இந்த ஃபில்டரைத்தான்.

உங்க கையில் இருக்கும் ஃபோன் கேமராவையும் பாருங்க. பெரும்பாலான கேமரா சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றைத்தான் அளக்கும். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. மீதி இரண்டு நிறங்களும் பக்கத்து பிக்சல்களைப் பார்த்து நிரப்பப்படுபவை. அதாவது உங்க செல்ஃபியில் மூன்றில் இரண்டு பங்கு எண்களை யாரும் அளக்கவே இல்லை. ஆனாலும் அது உங்க முகம்தான். நெருக்கமான கோடு போட்ட சட்டையைப் படம் எடுக்கும்போது மட்டும் சில சமயம் இல்லாத வண்ண அலைகள் தெரியும். நம்பிக்கை உடையும் இடம் அது.

புள்ளி கூடினால் சரியாகிவிடுமா?

"நிறைய சாம்பிள் எடுத்தா முடிஞ்சது" என்பது அடுத்த வசதியான பதில். எங்க மோட்டாருக்கு அது வேலை செய்தது. எப்போதும் செய்யாது.

1901-ல் ரூங்கே என்ற ஜெர்மன் கணிதவியலாளர் காட்டிய உதாரணத்தை நியூமரிக்கல் மெத்தட்ஸில் பார்த்திருப்பீங்க. நடுவில் எழும்பி, இரண்டு பக்கமும் அமைதியாகத் தாழும் மணி மாதிரி ஒரு வளைவு. அதில் சம இடைவெளியில் 11 புள்ளி எடுத்து, எல்லாவற்றையும் தொடும் ஒரே பாலினோமியலைப் போட்டால், ஓரங்களுக்குப் பக்கத்தில், உண்மையில் 0.05 கூட இல்லாத இடத்தில், கோடு 2-ஐ நெருங்கிவிடும். சரி, புள்ளியைக் கூட்டலாம் என்றால் ஆட்டம் இன்னும் மோசமாகும். இத்தனைக்கும் ஒவ்வொரு புள்ளியும் துல்லியமானது. கோடு ஒவ்வொரு புள்ளி வழியாகவும் போகிறது. புள்ளிகளுக்கு நடுவில்தான் பொய் சொல்கிறது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். "எத்தனை சாம்பிள்?" என்பது இரண்டாவது கேள்வி. "இந்த சிக்னலைப் பற்றி எனக்கு முன்கூட்டியே என்ன தெரியும்?" என்பதுதான் முதல் கேள்வி. நேர்கோடு போட்டால், நடுவில் சீராக மாறுகிறது என்று நம்புகிறீர்கள். ஸ்ப்லைன் போட்டால், வளைவு திடீரென்று உடையாது என்று நம்புகிறீர்கள். சிங்க் போட்டால், எல்லைக்கு மேலே ஃப்ரீக்வென்சி இல்லை என்று நம்புகிறீர்கள். சாஃப்ட்வேர் மெனுவில் நீங்க தேர்ந்தெடுப்பது வெறும் கோட்டின் ஸ்டைல் இல்லை.

கொஞ்சத்தை வைத்து நிறையச் செய்தவர்கள்

முன்கூட்டியே தெரிந்தது பலமாக இருந்தால், மிகக் குறைந்த சாம்பிளை வைத்தும் நிறையச் செய்யலாம். எம்ஆர்ஐ ஸ்கேன் படத்தை நேரடியாக எடுப்பதில்லை. படத்தின் ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்மை அளக்கிறது. ஒவ்வொரு அளவுக்கும் நேரம் ஆகும், அதுவரைக்கும் நோயாளி அசையாமல் படுத்திருக்க வேண்டும். கேண்டெஸ், ராம்பெர்க், டாவோ மூவரும் 2006-ல் வெளியிட்ட கட்டுரையில், மூளையின் குறுக்குவெட்டு மாதிரியான ஒரு சோதனைப் படத்தை ஃபூரியர் தளத்தில் வெறும் 22 கோடுகளில் மட்டும் எடுத்த அளவுகளிலிருந்து அப்படியே மீட்டுக் காட்டினார்கள். படத்தில் பெரும்பாலான இடம் சமமாக இருக்கும், ஓரங்களில் மட்டும்தான் மாற்றம் இருக்கும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கை வெளிப்படையாகக் கட்டுரையில் கணிதமாக எழுதப்பட்டிருக்கிறது. அதே ஆண்டு டொனோஹோவின் கட்டுரையும் வந்தது. கம்ப்ரெஸ்டு சென்சிங் என்ற துறை வளர்ந்தது அதன் பிறகுதான்.

எனக்கு இன்னும் பிடித்தது கருந்துளைப் படம். 2019 ஏப்ரல் 10-ல் வெளியானது, ஆரஞ்சு வளையம், எல்லாரும் ஸ்டேட்டஸில் வைத்தோமே அதுதான். எம்87 என்ற கேலக்ஸியின் நடுவில், சுமார் 5.5 கோடி ஒளி ஆண்டு தூரத்தில் இருக்கிறது. 2017 ஏப்ரலில் ஏழு டெலஸ்கோப்புகள் சேர்ந்து அதை நோக்கின. எம்ஆர்ஐ மாதிரியே இங்கேயும் கிடைப்பது படம் இல்லை. ஒவ்வொரு ஜோடி டெலஸ்கோப்பும் படத்தின் ஃபூரியர் தளத்தில் ஒரு புள்ளியைத் தரும். பூமி சுழலச் சுழல அந்தப் புள்ளிகள் வளைகோடுகளாக நகரும். மீதி பெரும்பகுதி காலி. அந்தக் காலி இடத்தை எப்படி நிரப்பினாலும் ஏதோ ஒரு படம் வரும்.

அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நான்கு குழுக்களாகப் பிரிந்து, ஒருவருக்கொருவர் பேசாமல், தனித்தனியாகப் படத்தை மீட்டார்கள். நான்கிலும் வளையம் வந்தது. அதோடு விடவில்லை. வளையமே இல்லாத போலிப் படங்களிலிருந்து செயற்கை டேட்டா தயாரித்து, அதே முறையில் போட்டுப் பார்த்தார்கள். முழு வட்டத்தைக் கொடுத்தால் முழு வட்டம் வருகிறதா, இல்லை நம்ம ஆசைக்கு வளையத்தைக் கொடுக்கிறதா என்று சோதித்தார்கள். தங்கள் முடிவைத் தாங்களே உடைக்கப் பார்த்தார்கள். நாங்கள் 2 ஹெர்ட்ஸுக்கு விளக்கம் தேடினோம். அவர்களாக இருந்தால் முதலில் அதை உடைக்க வழி தேடியிருப்பார்கள்.

இடைச்செருகல்

நான் பன்னிரண்டாவது வரைக்கும் இங்கிலீஷ் மீடியம். எங்க டீமில் ஒருத்தன் தமிழ் மீடியம். இன்டர்பொலேஷனுக்கு அவங்க புத்தகத்தில் என்ன வார்த்தை என்று ஒரு நாள் கேட்டேன். "இடைச்செருகல்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வார்த்தையை நான் கேட்டிருக்கிறேன், ஆனால் தமிழாசிரியர் வாயில், திட்டும் அர்த்தத்தில். பழைய நூல்களில் பின்னால் வந்தவர்கள் தாங்களாக எழுதி நடுவில் நுழைத்த பாட்டுக்கும் அதுதான் பெயர்.

யோசித்துப் பார்த்தால் அந்தப் பெயர் ரொம்பச் சரி. புள்ளிகளை எழுதியது மோட்டார். நடுவில் செருகியது நான். பதிப்பாசிரியர்கள் இதை எப்படிக் கையாண்டார்கள் என்பதுதான் நாம் கற்க வேண்டியது. கம்பராமாயணப் பதிப்புகள் சிலவற்றில், கம்பருடையது இல்லை என்று கருதிய பாடல்களை "மிகைப் பாடல்கள்" என்று தனியாக அச்சிட்டிருப்பார்கள். தூக்கி எறியவும் இல்லை, கலந்துவிடவும் இல்லை. எது எது என்று படிப்பவருக்குத் தெரியும். அவர் தன் முடிவைத் தானே எடுத்துக்கொள்ளலாம்.

நம்ம கிராஃபுக்கும் அந்த மரியாதையைக் கொடுக்கலாம். அளந்த புள்ளிகளைப் புள்ளிகளாகவே காட்டுங்க. நடுக்கோட்டை மெல்லிசாகவோ வேறு நிறத்திலோ போடுங்க. படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதுங்க: நொடிக்கு எத்தனை சாம்பிள், முன்னால் ஃபில்டர் இருந்ததா, என்ன முறையில் நிரப்பினோம். அந்த சாம்பிள் கணக்கு கோடில் போட்ட எண்ணாக இல்லாமல் அளந்த எண்ணாக இருக்கட்டும். முக்கியமான முடிவு ஏதாவது வந்தால், சாம்ப்ளிங் வேகத்தைக் கொஞ்சம் மாற்றி ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. நிஜம் நின்ற இடத்தில் நிற்கும். பொய் ஓடும். பத்து நிமிஷ வேலை.

"ரிவ்யூவில் வழவழ கோட்டுக்குத்தானே மார்க் போடுறாங்க?" என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. எங்களுக்கும் அது வந்தது. தவறு தெரிந்தபோது மூன்றாவது ரிவ்யூவுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. "ஏற்கனவே பாராட்டிட்டாங்க, யாருக்குத் தெரியப் போகுது?" என்று எங்களுக்குள்ளேயே ஒரு குரல் எழுந்தது. அந்தக் குரல் என்னுடையதுதான். அதை மாற்றியது பெரிய நேர்மை ஒன்றும் இல்லை. ஒரு யோசனைதான். நாளைக்கு ஏதோ ஒரு ஆலையில் இதே மாதிரி ரிப்போர்ட்டை நம்பி, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரை நிறுத்தி, ரோட்டாரைக் கழற்றுவார்கள். கழற்றுகிறவர் அந்த லேப் அண்ணா மாதிரி ஒருத்தராக இருப்பார். உள்ளே ஒன்றும் இருக்காது. அடுத்த தடவை நிஜமான எச்சரிக்கை வரும்போது அவர் நம்ப மாட்டார்.

கடைசி ரிவ்யூவில் இரண்டு கிராஃபையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தோம். முதலில் சொன்னது தப்பு என்று ஆரம்பித்தோம். பதினைந்து நிமிஷம் கேள்வி மேல் கேள்வி. அந்த ப்ராஜெக்ட்டில் நான் உண்மையாகப் பதில் தெரிந்து பேசிய ஒரே பதினைந்து நிமிஷம் அதுதான்.

அடுத்த தடவை என் கிராஃப் எதையாவது பார்த்தீங்கன்னா "சாம்ப்ளிங் ரேட் என்ன?" என்று கேளுங்க. கோபப்பட மாட்டேன். உங்களிடம் நானும் கேட்பேன்.